எகிப்திய மம்மியைப் பார்த்து அறிவது எப்படி

பண்டைய எகிப்தியர் இறந்தவரின் உடலைக் கெடாமல் பாதுகாத்தார்கள் என்று பாடநூல்கள் சொல்வது தவறில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் பாதியைத்தான் அது சொல்கிறது. எழுபது நாள் உழைப்புக்குப் பிறகு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது, உயிரோடிருந்தபோது இருந்த அதே உடல் அன்று. ஓசிரிஸ் என்னும் தெய்வத்தின் வடிவில், பிசின் மணக்க, வெண்துணி சுற்றி, மந்திரங்களும் தாயத்துகளும் பொதிந்து, மறுமையில் பயன்படுவதற்கென்றே புதிதாக ஆக்கப்பட்ட உடல் அது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால்தான், பெட்டியின் மீது வரைந்த கண்கள் முதல் கால்மாட்டில் வைத்த சிறு பொம்மை வரை ஒவ்வொன்றும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

மம்மியைக் காண்பதற்குக் கெய்ரோவுக்கோ லண்டனுக்கோ போயாக வேண்டும் என்பதில்லை. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்திலும், ஐதராபாத்தின் தெலங்கானா மாநில அருங்காட்சியகத்திலும், ஜெய்ப்பூரின் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்திலும் மம்மிகள் இருக்கின்றன. எங்கே பார்த்தாலும் ஒரு வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது: நம்பிக்கையை முதலில் அறிந்துகொண்டு, பதப்படுத்தும் முறையை அடுத்துத் தெரிந்துகொண்டு, பிறகு கூடத்திற்குள் சென்று பெயர், பெட்டி, துணி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, முகத்தைக் கடைசியில் பாருங்கள். முகத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு வியப்போ அச்சமோதான் மிஞ்சும்; அந்த மனிதரைப் பற்றி எதுவும் தெரியாமலே அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

போவதற்கு முன்: அவர்கள் எதை நம்பினார்கள்

எகிப்தியர் மனிதரை உடல், உயிர் என்று இரண்டாக மட்டும் பிரிக்கவில்லை. பெயர், நிழல், இதயம், கா, பா என்று பல கூறுகள் சேர்ந்தே ஒருவர் முழுமையாகிறார் என்று அவர்கள் கருதினார்கள். கா என்பது ஒருவர் பிறக்கும்போதே உடன் தோன்றும் உயிராற்றல்; இறந்த பிறகும் அதற்கு உணவும் நீரும் வேண்டும். பா என்பது மனிதத் தலையும் பறவை உடலும் கொண்டதாக வரையப்படுவது. பகலில் கல்லறையை விட்டுப் பறந்து சென்று, இரவில் தன் உடலுக்கே திரும்பி வருவது. அவ்வாறு திரும்பும் பா தன் உடலோடு வந்து சேர வேண்டும் என்பதற்கென்றே, இறந்தோர் நூல் என்று இன்று அழைக்கப்படும் மந்திரத் தொகுப்பில் 89-ஆம் மந்திரம் இருக்கிறது. இவையெல்லாம் குறைவின்றி ஒன்றுகூடும்போது இறந்தவர் அக் என்னும் ஒளிமிக்க நிலையை அடைகிறார். உடல் அழிந்துபோனால் இந்தக் கூறுகள் வந்து தங்குவதற்கு இடமில்லை. அதனால்தான் உடலின் மீது இத்தனை அக்கறை.

இந்த நம்பிக்கைக்கு உருவம் கொடுத்தது ஓசிரிசின் கதை. உடன்பிறந்த சேத்தினால் கொல்லப்பட்ட ஓசிரிசை, மனைவி ஐசிசும் அவளுடைய தங்கை நெஃப்திசும் தேடியெடுத்து அழுதார்கள். நரித்தலை கொண்ட அனுபிஸ் அவன் உடலைப் பதப்படுத்தித் துணியால் சுற்றினான். உயிர்த்தெழுந்த ஓசிரிஸ் இறந்தோர் உலகுக்கு அரசனானான். மகன் ஹோரஸ் தந்தையின் அரியணையை மீட்டான். ஒவ்வொரு சாவுச் சடங்கும் இந்தக் கதையை மறுபடி நிகழ்த்துவதாகவே அமைந்தது. இறந்தவரின் பெயருக்கு முன்னால் ஓசிரிஸ் என்று சேர்த்து எழுதினார்கள். சவ ஊர்வலத்தில் இரண்டு பெண்கள் ஐசிசாகவும் நெஃப்திசாகவும் நின்று புலம்பினார்கள். பதப்படுத்தும் பூசாரிகளின் தலைவர் அனுபிசின் இடத்தில் நின்றார். அவர் அணிந்திருக்கக்கூடிய சுட்டமண் முகமூடி ஒன்று ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பதப்படுத்திவிட்டால் மட்டும் மறுமை கிடைத்துவிடாது. ஓசிரிசின் முன்னிலையில் நடக்கும் விசாரணையில், இறந்தவரின் இதயம் தராசின் ஒரு தட்டிலும், மாஆத் என்னும் நீதியின் இறகு மறுதட்டிலும் வைக்கப்படும். அனுபிஸ் தராசைச் சரிபார்க்க, எழுத்தின் தெய்வமான தோத் முடிவை எழுதுவான். நாற்பத்திரண்டு தெய்வங்களின் முன் நின்று, நான் திருடவில்லை, நான் கொல்லவில்லை, நான் அளவையில் ஏமாற்றவில்லை என்று இறந்தவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதயம் தவறியவரை முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் விழுங்கிவிடும். அதன் பிறகு அவர் எங்கும் இல்லை. நினைவும் அறிவும் மனச்சான்றும் இதயத்தில்தான் இருக்கின்றன என்று அவர்கள் நம்பியதால், மற்ற உறுப்புகளை வெளியே எடுத்தபோதும் இதயத்தை உடலுக்குள்ளேயே விட்டுவைக்க முயன்றார்கள். மூளைக்கு அத்தகைய மதிப்பு இல்லை.

எழுபது நாட்களில் என்ன நடந்தது

மிகப் பழைய காலத்தில், ஏறத்தாழ கி.மு. 3500 அளவில், இறந்தவரைக் கால்களை மடக்கி வெறும் மணற்குழியில் புதைத்தார்கள். சூடான வறண்ட மணல் உடலின் நீரை உறிஞ்சிக்கொண்டதால் தோலும் முடியும்கூட அப்படியே நின்றன; கெபெலெயினில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள உடல்கள் இவ்வாறு இயற்கையாகவே காய்ந்தவை. பிறகு பெட்டியும் செங்கல் அறையும் வந்து, மணலுக்கும் உடலுக்கும் இடையில் தடை ஏற்பட்டதால் உடல்கள் அழுகின என்றும், அதைத் தடுக்கவே செயற்கையான முறை பிறந்தது என்றும் நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. அந்த விளக்கத்தை இப்போது முழுமையாக ஏற்க முடியாது. மோஸ்தகெத்தா, பதாரி ஆகிய இடங்களின் தொல்கல்லறைகளில் கிடைத்த துணிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவுகள், மணற்குழிக் காலத்திலேயே பிசினும் கொழுப்பும் கலந்த பூச்சுகள் பயன்பட்டதைக் காட்டின. உடலுக்கு மணப்பொருள் பூசித் துணி சுற்றும் எண்ணம், அழுகலைக் கண்டு தோன்றிய மாற்று வழியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

உள்ளுறுப்புகளை அகற்றும் முறை நான்காம் அரச மரபின் காலத்தில், அதாவது கி.மு. 2600-ஐ ஒட்டி, உறுதியாக இருந்தது. கூஃபு மன்னனின் தாய் ஹெதெப்பெரெஸின் கல்லறை 1925-இல் கீசாவில் கண்டெடுக்கப்பட்டபோது, கல் சவப்பெட்டி வெறுமையாக இருந்தது. ஆனால் நான்கு அறைகள் கொண்ட கற்பேழையில் அவளுடைய உறுப்புகள் எனக் கருதப்படும் பொதிகள் நேட்ரான் என்னும் உப்பின் கரைசலில் இருந்தன.

முறையின் விவரங்கள் நமக்குப் பெரும்பாலும் கிரேக்கர் வழியாகவே கிடைக்கின்றன, ஏனெனில் பதப்படுத்துவோர் தம் தொழிலை முழுமையாக எழுதிவைக்கவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற ஹெரோடோட்டஸ், மரத்தால் செய்து வண்ணம் பூசிய மாதிரிகளை உறவினரிடம் காட்டி, மூன்று தரங்களில் விலை பேசியதாக எழுதுகிறார். முதல் தரத்தில், வளைந்த இரும்புக் கம்பியை மூக்கின் வழியாகச் செலுத்தி மூளையை எடுத்தார்கள். கூரிய கல்லால் விலாப்பக்கம் கீறி உறுப்புகளை வெளியே எடுத்தார்கள். வயிற்றைப் பனைக்கள்ளால் கழுவி, வெள்ளைப்போளம், லவங்கப்பட்டை போன்ற மணப்பொருள்களால் நிரப்பித் தைத்தார்கள். பிறகு நேட்ரானில் மூடி வைத்தார்கள். இரண்டாம் தரத்தில் கீறல் இல்லை, தேவதாரு எண்ணெயை உள்ளே செலுத்தி உறுப்புகளைக் கரைத்தார்கள். மூன்றாவது ஏழைகளுக்கானது; வயிற்றைச் சுத்தம் செய்து நேட்ரானில் இடுவதோடு அது முடிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தியோதோரஸ் இன்னொரு செய்தி தருகிறார்: உடலில் கீறல் போட்டவர் உடனே ஓடிவிடுவார், கூடியிருந்தவர்கள் அவரைச் சபித்துக் கல்லெறிந்து துரத்துவார்கள். அந்தக் கீறல் தேவையானதுதான், ஆனாலும் ஒரு மனித உடலைக் காயப்படுத்தியது குற்றமே. இந்த ஒரு வழக்கம், அவர்கள் உடலை எவ்வளவு மதித்தார்கள் என்பதை வேறு எந்தச் சான்றையும்விடத் தெளிவாகச் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

நேட்ரான் என்பது கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நேட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் உப்பு. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் அதன் முக்கியக் கூறுகள். சாதாரண உப்பும் சல்பேட்டும் சேர்ந்திருக்கும். அது உடலின் நீரை உறிஞ்சுவதோடு கொழுப்பையும் சோப்பைப் போல மாற்றி அகற்றிவிடுகிறது. அதன் காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆகவே கறிக்கு உப்பிடுவதைவிட இது மேம்பட்ட முறை. உடலை நேட்ரான் கரைசலில் ஊறவைத்தார்கள் என்று பழைய நூல்கள் சிலவற்றில் காணலாம். உலர்ந்த நேட்ரானைக் குவித்து அதற்குள் உடலைப் புதைத்தார்கள் என்பதே இன்றைய முடிவு. 1994-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், ஆய்வுக்காகத் தானமளிக்கப்பட்ட உடலொன்றை எகிப்தியல் அறிஞர் பாப் பிரையரும் அவருடன் பணியாற்றியவர்களும் பழைய கருவிகளின் மாதிரிகளைக் கொண்டு பதப்படுத்தியபோது, உலர்ந்த நேட்ரானில் 35 நாட்கள் வைத்ததே போதுமானதாக இருந்தது. மூளை கம்பியில் சிக்கி வெளியே வரவில்லை என்பதும், உள்ளே கலக்கித் திரவமாக்கி மூக்கின் வழியே வடிய விட வேண்டியிருந்தது என்பதும் அந்தச் சோதனையில்தான் தெரிந்தன.

அப்படியானால் எழுபது நாட்கள் எதற்கு? உலர்த்துவதற்கு முப்பத்தைந்து முதல் நாற்பது நாட்கள் போக, எஞ்சியவை எண்ணெய் பூசுவதற்கும், பிசின் ஊற்றுவதற்கும், துணி சுற்றுவதற்கும், மந்திரம் ஓதுவதற்கும் ஆனவை. அந்த எண் வானத்திலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. சிரியஸ் விண்மீன் ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபது நாட்கள் கண்ணுக்கு மறைந்திருந்து, நைல் பெருகும் பருவத்தில் விடியற்காலையில் மீண்டும் தோன்றும். இறந்தவரும் அதே காலம் மறைந்திருந்து மீண்டும் எழுகிறார்.

பூச்சுப் பொருள்களைப் பற்றி அண்மையில் கிடைத்த சான்று மிகப் பெரியது. சக்காரா என்னும் இடுகாட்டில் 26-ஆம் அரச மரபைச் சேர்ந்த (கி.மு. 664–525) பதப்படுத்தும் கூடம் ஒன்று நிலத்தடியில் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த மண்கலங்களில், எந்தப் பொருள், உடலின் எந்தப் பகுதிக்கு என்று மையால் எழுதப்பட்டிருந்தது. அவற்றில் 31 கலங்களின் எச்சங்களை ஆய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். தேவதாரு, சூனிப்பர் எண்ணெய்களோடு, விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு, ஆமணக்கெண்ணெய், பிஸ்தா இன மரத்தின் பிசின் ஆகியவை இருந்தன. தலைக்கெனத் தனிக் கலவைகள் இருந்தன. தென்கிழக்காசிய மழைக்காடுகளிலிருந்து வந்திருக்க வேண்டிய டாமர் பிசினும் அந்தக் கலங்களிடையே இருந்தது. நாம் வீட்டில் புகை போடும் குங்கிலியத்தின் உறவு அது. இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்செசின் மூக்கினுள் மிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்தன. மிளகு அந்தக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கு வெளியே விளைந்ததாகச் சான்றில்லை. ஆகவே ஒரு ஃபாரோவின் மூக்கு வளைவைத் தாங்கி நின்றது, சேரநாட்டு மலைகளின் விளைபொருள் என்று எண்ணிப் பார்க்க இடமிருக்கிறது.

எல்லா மம்மியும் இந்த முழு முறையில் செய்யப்பட்டது என்று கருதிவிடாதீர்கள். இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் உள்ள கா என்னும் பெயருடைய மனிதரும் (மேலே சொன்ன உயிராற்றல் அன்று) அவருடைய மனைவி மெரித்தும் வசதி படைத்தவர்கள். அரசர்களின் கல்லறைப் பணிகளை மேற்பார்வையிட்ட கட்டடத் தலைவர் அவர். 1906-இல் அவர்களின் கல்லறை சிதையாமல் கிடைத்தது. ஆனால் இருவரின் உள்ளுறுப்புகளும் அகற்றப்படவில்லை. மெரித் எதிர்பாராமல் முன்னதாக இறந்துவிட்டதால், கா தனக்கென்று செய்துவைத்திருந்த பெட்டியை அவளுக்குக் கொடுத்தார். அது அவளுக்குப் பெரிதாக இருந்ததால் இடைவெளியைத் துணிகளால் நிரப்பினார்கள். அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தெயிர் எல்-மெதினா ஊரின் வருகைப் பதிவேடு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செசின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், ஒரு தொழிலாளி வேலைக்கு வராத காரணம், தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனார் என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் கீழே போனால், அமர்னா என்னும் ஊரின் எளிய மக்களுக்கு ஒரு துணியும் கோரைப்பாய் போன்றதொரு சுருளும் மணற்குழியுமே கிடைத்தன. எகிப்தியருள் பெரும்பாலோர் மம்மியாகவே இல்லை.

கூடத்தில் முதலில் பெயரைத் தேடுங்கள்

பெயர் அழிந்தால் மனிதர் அழிந்தார் என்பது எகிப்தியரின் உறுதியான நம்பிக்கை. பகைவரின் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி எடுத்தது அதனால்தான். எகிப்திய எழுத்துகளைப் படிக்கத் தெரியாவிட்டாலும், பெட்டியின் மீது பெயர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் விலங்கு, பறவை, மனித உருவ எழுத்துகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். அவை வரியின் தொடக்கத்தை நோக்கியே பார்க்கும். தொடக்கத்தில் ஒரு கோரைத் தண்டும், பாயின் மீது அப்பம் வைத்தது போன்ற உருவும், கூம்பும் தெரிந்தால், அது அரசர் வழங்கும் படையல் என்று தொடங்கும் வேண்டுதல் வாசகம். அதற்குப் பின் ஓசிரிசின் பெயர் அரியணையும் கண்ணுமாக வரும். பிறகு, ரொட்டி, பீர், மாட்டிறைச்சி, பறவை இறைச்சி, துணி என்று படையல் பட்டியல் வரும். ஆயிரம் ஆயிரமாக வேண்டும் என்பதற்கு ஒரு தாமரைச் செடியை எழுதுவார்கள். அதற்கடுத்து மேலே உயர்த்திய இரண்டு கைகளைத் தேடுங்கள். அது கா என்பதற்கான எழுத்து. இன்னாருடைய காவுக்காக என்று சொல்லி, அதன்பின் பதவிகளும் பெயரும் வரும். பெயர் முடிந்த இடத்தில், விசாரணையில் வென்றவர் என்பதைக் குறிக்கும் தொடர் வரும்; அதில் துடுப்பு வடிவ எழுத்தைப் பெரும்பாலும் காணலாம். உயர்ந்த கைகளுக்கும் துடுப்புக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் தேடியது.

கல்லறைக்கு வருவோரிடம், ரொட்டியும் பீரும் கொண்டுவர இயலாவிட்டால் வாயால் சொன்னாலே போதும், அது உங்களுக்குக் களைப்புத் தராது, எனக்கு உணவாகும் என்று கேட்டுக்கொள்ளும் கல்வெட்டுகள் பல உண்டு. ஆகவே விளக்கப் பலகையில் உள்ள பெயரை அங்கே நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவரே வருவோரிடம் கேட்டுக்கொண்டதைச் செய்வதாகும். தயங்காமல் சொல்லுங்கள்.

பெட்டியைக் கொண்டு காலத்தை அறிதல்

நீள்சதுரப் பெட்டியில், ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கண்கள் வரையப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இடைக்கால அரசைச் சேர்ந்தது, அதாவது கி.மு. 2000-ஐ ஒட்டியது. உடலை இடப்பக்கமாகச் சாய்த்து, தலை வடக்கே இருக்க, முகம் கிழக்கே பார்க்குமாறு கிடத்தினார்கள். அந்தக் கண்களின் வழியே இறந்தவர் சூரிய உதயத்தைப் பார்ப்பார். மனித வடிவப் பெட்டியில் உடல் முழுவதும் இறகுகள் வரையப்பட்டிருந்தால் 17-ஆம் அரச மரபுக் காலம், ஏறத்தாழ கி.மு. 1550-க்குச் சற்று முன். வெள்ளைத் தளம் 18-ஆம் மரபின் தொடக்கம், கி.மு. 1550-ஐ ஒட்டியது. கறுப்புத் தளத்தில் பொன்னிற வரைகள் அதற்கடுத்தது. மஞ்சள் தளத்தில் ஓர் அங்குல இடமும் விடாமல் தெய்வ உருவங்கள் நிறைந்திருந்தால் 21-ஆம் மரபு (கி.மு. 1000-ஐ ஒட்டியது), தீப்ஸ் நகரம். அந்த மஞ்சள் பெட்டிகளில் கைகளைப் பாருங்கள்: ஆண்களுக்கு மூடிய முட்டி, பெண்களுக்கு விரித்த உள்ளங்கை. துணியையும் சுண்ணச் சாந்தையும் அடுக்கி உடலோடு ஒட்டச் செய்த கூடு 22-ஆம் மரபில் பரவியது. மரப்பலகையில் தேன்மெழுகு வண்ணத்தில் உயிருள்ள கண்களோடு தீட்டிய முகம் துணிக்கு நடுவே பதிந்திருந்தால், அது ரோமானியர் ஆட்சிக் காலத்தது; ஃபையூமின் ஹவாராவில் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1888-இல் இத்தகைய பல ஓவியங்களைக் கண்டெடுத்தார்.

முகம் பொன்னிறமாக இருப்பது செல்வத்தைக் காட்டுவதற்காக மட்டுமன்று. தெய்வங்களின் தசை பொன், எலும்பு வெள்ளி, முடி நீலமணிக்கல் என்று அவர்கள் நம்பினார்கள். நுனி வளைந்த தாடி தெய்வத்துக்கு உரியது. இளம் மன்னன் துத்தன்காமுனின் உட்பெட்டி 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொன்னால் ஆனது. ஆனால் அந்தப் பொன் சொல்வதையே ஏழை ஒருவரின் பெட்டியில் மஞ்சள் வண்ணமும் சொல்கிறது.

துணியும் தாயத்தும் உடலும்

துணியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றி, பிறகு கை கால்களைச் சுற்றி, முழு உடலையும் மாறி மாறிப் பட்டைகளாலும் போர்வைகளாலும் சுற்றுவார்கள். இடைக்கால அரசைச் சேர்ந்த வாஹ் என்பவரின் உடலைச் சுற்றியிருந்த துணி ஏறத்தாழ 375 சதுர மீட்டர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அதை விரித்து அளந்திருக்கிறார்கள். இவ்வளவு துணியும் புதிதாக நெய்யப்பட்டதில்லை. வீட்டில் புழங்கிய விரிப்புகளும் ஆடைகளும் கிழிக்கப்பட்டுப் பட்டைகளாயின. அதனால் ஓரங்களில் தையலோ உரிமைக்குறியோ தெரிந்தால் நின்று பாருங்கள், அது அந்தக் குடும்பம் உடுத்திய துணி.

சுற்றுகளுக்கு இடையே தாயத்துகள் வைக்கப்பட்டன. கழுத்தருகே ஓசிரிசின் முதுகெலும்பாகிய ஜெத் தூண், ஐசிசின் செந்நிற முடிச்சு. கீறலின் மீது ஹோரசின் கண் பொறித்த தகடு. மார்பில் பச்சைக்கல்லில் செதுக்கிய சாணவண்டு. இந்த வண்டின் அடிப்புறத்தில் இறந்தோர் நூலின் 30-ஆம் மந்திரம் எழுதப்பட்டிருக்கும்: என் தாய் தந்த இதயமே, விசாரணையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்பது அதன் வேண்டுகோள். தன் வாழ்க்கையை நன்கறிந்த ஒருவர் தன் இதயத்தையே அஞ்சி எழுதிக்கொண்ட வரி அது. எகிப்திய மறுமை நூல்கள் அனைத்திலும் என்னை மிகவும் அசைப்பது இதுதான். துத்தன்காமுனின் துணிகளுக்குள் 143 அணிகளும் தாயத்துகளும் இருந்தன.

உடல் வெளியே தெரிகிறது என்றால், அல்லது சி.டி. ஸ்கேன் படம் அருகில் வைக்கப்பட்டிருந்தால், கைகளைக் கவனியுங்கள். மார்பில் குறுக்காக மடித்த கைகள் புதிய அரசின் (18 முதல் 20 வரையான மரபுகள்) மன்னர்களுக்கு உரியவை. அதே காலத்துச் சாதாரண மக்களின் கைகள் பக்கவாட்டிலோ அடிவயிற்றின் மீதோ இருக்கும். எகிப்தைப் பின்னாளில் ஆண்ட கிரேக்க மரபினரான தாலமி அரசர்களின் காலத்தில் எளியோரும் கைகளைக் குறுக்காக மடித்துக்கொண்டார்கள். கன்னங்கள் உப்பி, கண்ணில் கல் விழிகள் பதிந்திருந்தால் அது 21-ஆம் மரபு. பதப்படுத்தும் கலை உச்சத்தைத் தொட்ட காலம். தோலுக்கடியில் மண், மணல், மரத்தூள் போன்றவற்றைத் திணித்து உயிருள்ளவர் போலத் தோற்றம் தந்தார்கள். அரசி ஹெனுத்தாவியின் முகத்தில் அளவுக்கு மீறித் திணித்ததால் பின்னாளில் தோல் வெடித்துவிட்டது. துத்தன்காமுனின் உடலுக்கு நேர்ந்தது வேறு. அளவுக்கு மீறி ஊற்றிய பிசின் இறுகி உடலைப் பெட்டியோடு ஒட்டிவிட்டதால், 1925-இல், அந்தக் கல்லறையைக் கண்டெடுத்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு அதை வெட்டித் துண்டுதுண்டாகவே வெளியே எடுத்தது.

முகத்துக்கு வரும்போது வாயைப் பாருங்கள். கல்லறை வாசலில் மம்மியை நிமிர்த்தி நிறுத்தி, தச்சரின் வாய்ச்சி போன்ற கருவியால் வாயையும் கண்களையும் தொட்டு, மீண்டும் பேசவும் உண்ணவும் பார்க்கவும் ஆற்றல் தருவதே கடைசிச் சடங்கு. அதைச் செய்பவர் மகனாகவோ வாரிசாகவோ இருக்க வேண்டும். துத்தன்காமுனின் கல்லறைச் சுவரில், அடுத்து அரசேறிய ஆய் அந்தக் கருவியை ஏந்தி நிற்பதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சடங்கைச் செய்தவருக்கே அரியணை உரிமை என்பதை அந்த ஓவியம் அறிவிக்கிறது.

அருகில் வைத்திருக்கும் பொருள்கள்

நான்கு கலயங்கள் இருந்தால் அவற்றின் மூடிகளைப் பாருங்கள். மனிதத் தலையுள்ள இம்செத்தி ஈரலையும், பபூன் குரங்குத் தலையுள்ள ஹாபி நுரையீரலையும், நரித்தலையுள்ள துவாமுதெஃப் இரைப்பையையும், வல்லூறுத் தலையுள்ள கெபெசெனுயெஃப் குடலையும் காப்பார்கள். நால்வரும் ஹோரசின் மக்கள். நான்குமே மனிதத் தலையாக இருந்தால் அவை 18-ஆம் மரபு அல்லது அதற்கு முந்தையவை. 21-ஆம் மரபில் உறுப்புகளைப் பொதியாகக் கட்டி உடலுக்குள்ளேயே திருப்பி வைத்தார்கள். எனினும் மரபை விட மனமின்றி, உள்ளே குடையப்படாத வெறும் கலயங்களைக்கூட வைத்தார்கள்.

உஷப்தி என்னும் சிறு பொம்மைகள் மறுமையின் வயல் வேலைக்கானவை. வாய்க்கால் வெட்டவும் மணல் சுமக்கவும் இறந்தவரை அழைத்தால், இதோ நான் இருக்கிறேன் என்று பொம்மை விடையளிக்க வேண்டும் என்பது அதன்மேல் எழுதிய, இறந்தோர் நூலின் 6-ஆம் மந்திரம். நாளுக்கு ஒன்றாக 365-ம், பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளராக 36-ம் சேர்ந்து 401 என்பது பிற்கால முழுத் தொகுதி. சவுக்கு ஏந்தியிருப்பது மேற்பார்வையாளர், மண்வெட்டி ஏந்தியிருப்பது வேலையாள்.

விளக்கப் பலகையிடம் கேட்க வேண்டியவை

பலகையில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மூன்று செய்திகளைத் தேடுங்கள். பெட்டியும் உடலும் ஒன்றாகவே கிடைத்தவையா என்பது முதலாவது; பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர்கள் நல்ல விலைக்காக ஓர் உடலை வேறொரு பெட்டியில் வைத்து விற்றார்கள், அதனால் பெட்டியிலுள்ள பெயர் உள்ளே இருப்பவருடையதாக இல்லாமலும் போகலாம். எகிப்தியரே பழைய பெட்டிகளை எடுத்துப் பெயரை மாற்றி எழுதிப் பயன்படுத்தியதும் உண்டு. அகழாய்வில் கிடைத்ததா, விலைக்கு வாங்கியதா, பரிசாக வந்ததா என்பது இரண்டாவது. அகழாய்வில் கிடைத்தது என்றால் இடமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும், மற்றவற்றில் அவை மங்கலாகவே இருக்கும். இளவரசி, அரச குடும்பத்தார் என்று எழுதியிருந்தால் அதற்கு எழுத்துச் சான்று காட்டப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. மன்னர்கள், அரசியர் என உறுதிசெய்யப்பட்ட மம்மிகள் பெரும்பாலும் தெயிர் எல்-பாஹ்ரியில் 1881-இல் வெளிப்பட்ட மறைவிடத்திலிருந்தும், 1898-இல் திறக்கப்பட்ட இரண்டாம் அமென்ஹோதெப்பின் கல்லறையிலிருந்தும் வந்தவை. அரச மம்மிகளில் 22 உடல்கள் 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் கெய்ரோ வீதிகளில் அரச மரியாதையுடன் ஊர்வலமாகச் சென்று எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தன. வேறு ஊர்களில் அரச குடும்பம் என்று காட்டப்படுபவற்றைச் சான்று கேட்டே ஏற்க வேண்டும். பூசாரியோ எழுத்தரோ இல்லத்தரசியோ ஆக இருந்தாலும் மேலே சொன்ன அத்தனையும் அவர்களிடமும் இருக்கும்.